பெங்களூரு டெக் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்: இன்டர்வியூவில் எதைப் பார்க்கிறார்கள்? தயாராவது எப்படி?

இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு தொடங்கியதுமே ஹாஸ்டல் அறைகளில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "எத்தனை லீட்கோட் முடிச்சிருக்க?" ஒருவர் 200 என்பார், இன்னொருவர் 400 என்பார். 50-ஐத் தாண்டாதவர் அன்று ராத்திரி தூங்க மாட்டார்.

ஆனால், 400 கணக்குகளைப் போட்டவர் இன்டர்வியூவில் தோற்பதும், 150 போட்டவர் தேர்வாவதும் பெங்களூருவின் பெரிய டெக் நிறுவனங்களில் சாதாரணமாக நடக்கிற விஷயம். அதிர்ஷ்டம் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. விடை தெரியுமா என்பதை மட்டும் அங்கே பார்ப்பதில்லை. விடைக்கு நீங்கள் எப்படிப் போகிறீர்கள் என்பதை எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். பெரும்பாலான மாணவர்கள் கண்ணாலும் கையாலும்தான் பயிற்சி எடுக்கிறார்கள், வாயால் எடுப்பதில்லை.

இன்டர்ன்ஷிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, எதைப் படிப்பது, அந்த 45 நிமிடத்தில் என்ன நடக்கும், எதில் ஏமாறக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்டர்ன்ஷிப்புக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருவில் தன் மையத்தைத் தொடங்கியது. பன்னாட்டு நிறுவனங்களின் ஆராய்ச்சி, வடிவமைப்பு வேலைகள் இந்த ஊருக்கு வரத் தொடங்கியது அப்போதுதான். கூகுள் 2004-ல் இந்தியாவுக்கு வந்தபோது பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் அலுவலகம் திறந்தது. 2025 பிப்ரவரியில் மகாதேவபுராவில் அது திறந்த 'அனந்தா' வளாகத்தின் பரப்பு 16 லட்சம் சதுர அடி. அமேசான், மைக்ரோசாஃப்ட், இன்டெல், சிஸ்கோ என்று பலருக்கும் இங்கே பெரிய இன்ஜினீயரிங் குழுக்கள் இருக்கின்றன.

இந்த நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் என்பது கிட்டத்தட்ட இரண்டு, மூன்று மாதம் நடக்கும் ஒரு நீண்ட இன்டர்வியூ. ஒரு மணி நேரத்தில் ஒருவரை எடைபோடுவதைவிட, ஒரு புராஜெக்டைக் கொடுத்து, எப்படி வேலை செய்கிறார், கேள்வி கேட்கிறாரா, சொன்னதைத் திருத்திக்கொள்கிறாரா என்று பார்ப்பது அவர்களுக்கு வசதி. நன்றாகச் செய்தவர்களுக்குப் படிப்பு முடியும் முன்பே வேலை உறுதிக் கடிதம் வரும். கேம்பஸ் பேச்சில் இதற்குப் பெயர் 'பிபிஓ', அதாவது ப்ரீ பிளேஸ்மென்ட் ஆஃபர். கேட்காத கால் சென்டர் பிபிஓ வேறு, இது வேறு!

எல்லா இன்டர்னுக்கும் பிபிஓ கிடைத்துவிடாது. அந்த ஆண்டு எத்தனை இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. 2023 ஜனவரியில் கூகுள் உலகம் முழுக்க சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களின் கதவும் சில ஆண்டுகளில் சிறிதாகும். அதனால் ஒரே ஒரு பெயரைக் குறிவைத்துத் தயாராவது புத்திசாலித்தனம் இல்லை.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மே, ஜூன், ஜூலையில் நடக்கும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை முதல் அக்டோபருக்குள் நடந்துவிடும். நீங்கள் ஐந்தாவது செமஸ்டருக்குள் நுழையும்போது தயாராக இருக்க வேண்டும். ஏப்ரலில் 'லீவு வருதே, எங்கேயாவது இன்டர்ன்ஷிப் போவோம்' என்று தேடத் தொடங்கினால் பெரிய நிறுவனங்களின் வண்டி போயிருக்கும்.

முதல் இரண்டு ஆண்டு மாணவர்களுக்கென்றே சில திட்டங்கள் இருக்கின்றன. கூகுளின் 'ஸ்டெப்' அப்படிப்பட்ட ஒன்று. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஜனவரியில் தொடங்கும் நீண்ட இன்டர்ன்ஷிப்புகளும் உண்டு. தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நிறுவனத்தின் கேரியர்ஸ் பக்கத்தைப் பாருங்கள், வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நம்பாதீர்கள்.

ஐஐடி, என்ஐடி, கிண்டி பொறியியல் கல்லூரி, பிஎஸ்ஜி டெக் போன்ற இடங்களுக்கு நிறுவனங்கள் நேரடியாக வருகின்றன. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளுக்கு அவை வருவதில்லை. அந்த மாணவர்களுக்கு ஆஃப் கேம்பஸ் வழிதான். அதில் மூன்று கதவுகள் உண்டு. ஒன்று, கேரியர்ஸ் பக்கத்தில் நேரடி விண்ணப்பம். இரண்டு, நிறுவனங்கள் நடத்தும் கோடிங் போட்டிகள், ஹேக்கத்தான்கள். மூன்று, அங்கே வேலை செய்யும் ஒருவரின் ரெஃபரல்.

ரெஃபரல் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால், "அண்ணா, ரெஃபர் பண்ணுங்க" என்று ஒற்றை வரியில் மெசேஜ் அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பணியிடம், அதன் எண் என்ன, நீங்கள் செய்த ஒரு நல்ல வேலை எது, ரெஸ்யூமே லிங்க். இந்த நான்கும் ஐந்து வரியில் இருந்தால் அவருக்கு இரண்டு நிமிட வேலைதான். இன்னொன்று: ரெஃபரல் உங்கள் ரெஸ்யூமேவை ஒருவர் பார்க்க வைக்கலாம், இன்டர்வியூவில் பாஸ் போட்டுத் தராது.

ரெஸ்யூமேவில் என்ன இருக்க வேண்டும்?

ஒரே பக்கம். புகைப்படம், அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு எதுவும் தேவையில்லை. படிப்பு, சிஜிபிஏ, தெரிந்த மொழிகள், இரண்டு அல்லது மூன்று புராஜெக்டுகள் போதும்.

புராஜெக்டைப் பற்றி எழுதும்போது 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் செய்தேன்' என்று நிறுத்தாதீர்கள். எந்தப் பிரச்சினையைத் தீர்த்தது, எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், நீங்கள் எழுதிய பகுதி எது என்று சொல்லுங்கள். உங்கள் ஊர் பஸ் நேரத்தைக் காட்டும் சின்ன ஆப்பை ஹாஸ்டலில் 40 பேர் தினமும் பயன்படுத்தினால், யூடியூப் பார்த்துச் செய்த நெட்ஃபிளிக்ஸ் நகலைவிட அதுக்குத்தான் மதிப்பு.

ரெஸ்யூமேவில் உள்ள ஒவ்வொரு சொல்லும் கேள்வியாக வரலாம். 'மெஷின் லேர்னிங்' என்று எழுதிவிட்டு, உங்கள் மாடல் எங்கே தவறு செய்தது என்று கேட்டால் விழித்தால், மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வந்துவிடும். தெரியாததை எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

எத்தனை சுற்றுகள் இருக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவான வடிவம் இதுதான்.

• ஆன்லைன் தேர்வு: ஹேக்கர்ரேங்க் போன்ற தளத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். இரண்டு அல்லது மூன்று கோடிங் கேள்விகள். சில இடங்களில் அடிப்படைக் கணினி அறிவியல் எம்சிக்யூவும் உண்டு. வடிகட்டல் இங்கேதான் அதிகம்.

• டெக்னிக்கல் இன்டர்வியூ: ஒன்று முதல் மூன்று சுற்று. ஒவ்வொன்றும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். ஒரு இன்ஜினீயர் உங்களுக்குக் கணக்கைக் கொடுத்து, நீங்கள் தீர்ப்பதைப் பார்ப்பார்.

• பழகும் விதத்தைப் பற்றிய கேள்விகள்: சில இடங்களில் தனிச் சுற்றாக, சில இடங்களில் டெக்னிக்கல் சுற்றின் முதல் பத்து நிமிடமாக வரும்.

பெரிய அளவிலான சிஸ்டம் டிசைன் கேள்விகள் இன்டர்ன்களுக்குப் பொதுவாக வருவதில்லை. அதற்காக இப்போதே கோர்ஸ் வாங்க வேண்டாம்.

ஆன்லைன் தேர்வுக்கு ஒரு சின்ன உத்தி. கேள்வியில் உள்ளீட்டின் அளவு எவ்வளவு என்று கொடுத்திருப்பார்கள். அதுவே பாதி விடை. பட்டியலில் 20 பொருட்கள் வரைதான் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கலாம். சில ஆயிரம் வரை என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் பெரும்பாலும் தாங்கும். 1 லட்சத்தைத் தொட்டால் இரட்டை லூப் நேர வரம்பைத் தாண்டிவிடும். வரிசைப்படுத்துவது, ஹேஷ் மேப், பைனரி சர்ச் போன்ற வழிகளை யோசிக்க வேண்டும்.

அந்த 45 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

பலருக்கும் தெரிந்த ஒரு எளிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். "ஒரு கடையின் பொருட்களுக்கான விலைப்பட்டியல் இருக்கிறது. உங்களிடம் 500 ரூபாய் கூப்பன். மிச்சமில்லாமல் சரியாக 500 ரூபாய் வரும்படி இரண்டு பொருட்களைக் கண்டுபிடிக்க வேண்டும்."

இதை ஏற்கெனவே போட்டுப் பார்த்தவர் உடனே கோட் எழுத ஆரம்பிப்பார். ஐந்து நிமிடம் அமைதி. பிறகு, "முடிஞ்சுது சார்." விடை சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இன்டர்வியூ செய்பவரின் குறிப்பேட்டில் எழுத எதுவுமே இல்லை. அவர் எப்படி யோசிக்கிறார் என்பதும் தெரியவில்லை.

இன்னொரு வழி இப்படி இருக்கும்.

முதல் மூன்று நான்கு நிமிடம், கேள்வி கேட்பது. ஒரே பொருளை இரண்டு முறை வாங்கலாமா? அப்படி ஒரு ஜோடியே இல்லைன்னா என்ன திருப்பித் தரணும்? விலையில் பைசா வருமா? பட்டியல் வரிசைப்படுத்தி இருக்கா? எவ்வளவு பெருசு? இவை நேரத்தைக் கடத்தும் கேள்விகள் அல்ல. வேலைக்குச் சேர்ந்த பிறகு மேனேஜர் அரைகுறையாகச் சொல்லும் வேலையை நீங்கள் எப்படித் தெளிவுபடுத்திக்கொள்வீர்கள் என்பதன் மாதிரி.

அடுத்து, எளிய வழியைச் சொல்வது. "ஒவ்வொரு பொருளையும் மத்த எல்லாப் பொருளோடயும் கூட்டிப் பார்க்கலாம். ஆனா 1 லட்சம் பொருள் இருந்தா கிட்டத்தட்ட 500 கோடி ஜோடி வரும். ரொம்ப மெதுவா இருக்கும்." மோசமான வழியைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். அது ஏன் மோசம் என்று கணக்கோடு சொல்வதுதான் முக்கியம்.

பிறகு, நல்ல வழிக்குப் போவது. "180 ரூபாய் பொருளைப் பார்க்கிறப்போ எனக்குத் தேவை 320. இதுக்கு முன்னாடி 320-ஐப் பார்த்திருக்கேனான்னு மட்டும் தெரிஞ்சா போதும். பார்த்த விலையை எல்லாம் ஒரு ஹேஷ் மேப்ல குறிச்சு வெச்சா, பட்டியலை ஒரே தடவை நடந்து முடிச்சிடலாம். ஆனா கூடுதலா மெமரி செலவாகும்." லாபத்தோடு செலவையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள்.

"இப்படிப் போகலாமா?" என்று கேட்டுவிட்டு கோட் எழுதுங்கள். எழுதும்போதும் சுருக்கமாகப் பேசிக்கொண்டே இருங்கள்.

எழுதி முடித்ததும் 'முடிஞ்சுது' என்று சொல்லாமல், ஒரு சின்ன உதாரணத்தை வரிக்கு வரி ஓட்டிப் பாருங்கள். விலைகள் 120, 250, 380 என்று வைத்துக்கொள்வோம். 120 வந்தால் தேவை 380, இன்னும் பார்க்கவில்லை, குறித்துக்கொள்கிறோம். 250 வந்தால் தேவை இன்னொரு 250. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. முதலில் குறித்துவிட்டுப் பிறகு தேடும்படி கோட் எழுதியிருந்தால், 250 தன்னையே தனக்கு ஜோடியாக்கிக்கொள்ளும். ஒரே பொருளை இரண்டு முறை வாங்கிய கதைதான். முதலில் தேடி, பிறகு குறித்தால் தப்பிக்கலாம். அடுத்து 380 வரும். தேவை 120, ஏற்கெனவே இருக்கிறது. விடை கிடைத்தது.

இந்தத் தவறை நீங்களே கண்டுபிடித்துத் திருத்தினால், தவறே இல்லாமல் எழுதியவருக்குக் குறையாத மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு உண்டு. தன் கோடைத் தானே சோதிக்கிறவர் என்பது அங்கே பதிவாகிவிடும்.

கடைசியில் கேள்வியை மாற்றுவார்கள். பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருந்தால்? இரண்டு முனையிலிருந்தும் உள்நோக்கி வரலாம், கூடுதல் மெமரியே வேண்டாம். மூன்று பொருள் வேண்டும் என்றால்? பட்டியல் ஒரே கணினியின் மெமரியில் கொள்ளாது என்றால்? மனப்பாடம் செய்தவரின் வண்டி நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அவர் என்ன குறிப்பு எடுக்கிறார்?

கூகுள் தன் தேர்வு முறையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லும் நான்கு அளவுகோல்கள் உண்டு: பொதுவான சிந்தனைத் திறன், வேலைக்குத் தேவையான அறிவு, தலைமைப் பண்பு, 'கூகுளினெஸ்' என்று அவர்கள் சொல்லும் குழுவோடு பொருந்தும் குணம். முழுநேர வேலைக்கான தேர்வில், இன்டர்வியூ செய்தவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவர் எழுதும் குறிப்புகளை ஒரு குழு படித்து முடிவு செய்யும் முறையை கூகுள் நீண்ட காலமாக வைத்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு பாடம். உங்கள் மண்டைக்குள் நடந்த எதையும் அந்தக் குறிப்பில் எழுத முடியாது. நீங்கள் வாய்விட்டுச் சொன்னதும், திரையில் எழுதியதும் மட்டுமே அங்கே போய்ச் சேரும்.

அவர் குறிப்புக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இங்கே வரிசைப்படுத்தினால் உதவுமா?" என்று கேட்டால், அது பரீட்சைக் கேள்வி அல்ல, கைகாட்டி மரம். அதைக் காதில் வாங்காமல் தன் வழியிலேயே போகிறவரோடு சேர்ந்து வேலை செய்வது கஷ்டம் என்றுதான் நினைப்பார்.

எதை, எவ்வளவு நாளில் படிப்பது?

ஒரு மொழி நன்றாகத் தெரிந்திருந்தால் 12 வாரம் நியாயமான கால அளவு. பைத்தான், ஜாவா, சி பிளஸ் பிளஸ் மூன்றில் எதுவானாலும் சரி. நடுவில் மாற்றாதீர்கள்.

• 1 முதல் 3-வது வாரம்: அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், வரிசைப்படுத்துதல். ஒரு கோட் எவ்வளவு நேரமும் மெமரியும் எடுக்கும் என்று கணக்கிடப் பழகுவது.

• 4, 5-வது வாரம்: லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், க்யூ, டூ பாயின்டர், ஸ்லைடிங் விண்டோ, பைனரி சர்ச்.

• 6 முதல் 8-வது வாரம்: ரிகர்ஷன், ட்ரீ, கிராஃப். அகலவாட்டிலும் ஆழவாட்டிலும் தேடும் முறைகள். பெரிய நிறுவனங்களின் கேள்விகளில் இந்தப் பகுதிக்கு முக்கிய இடம் உண்டு.

• 9, 10-வது வாரம்: ஹீப், பேக்ட்ராக்கிங், டைனமிக் புரோகிராமிங்கின் அடிப்படை.

• 11, 12-வது வாரம்: புதிதாக எதுவும் வேண்டாம். மாதிரி இன்டர்வியூ மட்டும்.

ஒரு கணக்கில் 30, 40 நிமிடம் முட்டி மோதுங்கள். வரவில்லை என்றால் விடையைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் மூடி வைத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வெற்றுத் திரையில் மறுபடி எழுத வேண்டும். இதைச் செய்யாமல் 400-ஐத் தொட்டால் அது வெறும் எண்ணிக்கைதான். இன்டர்ன்ஷிப்புக்கு ஈஸி, மீடியம் அளவில் உறுதியாக இருப்பதுதான் முதல் தேவை.

இந்தியாவில் பல நிறுவனங்கள் பாடப்புத்தகக் கேள்விகளையும் கேட்கின்றன. ப்ராசஸுக்கும் த்ரெட்டுக்கும் என்ன வித்தியாசம், டேட்டாபேஸில் இண்டெக்ஸ் எதற்கு, டிசிபி எப்போது, யுடிபி எப்போது. செமஸ்டர் நோட்ஸை இதற்காகவாவது ஒருமுறை தூசி தட்டுங்கள்.

இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டியதில்லை. சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர் பாடம் என்பிடெல் தளத்தில் இலவசம். லீட்கோடின் பெரும்பாலான அடிப்படைக் கேள்விகளுக்கும் கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் கோடிங் பயிற்சிகள் இருக்கின்றன. வீட்டில் நகையை வைத்து கோச்சிங் சேரும் முன் இவற்றை முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

'எனக்கு இங்கிலீஷ் சரளமா வராதே?'

தமிழ் வழியில் படித்து வந்த பலரின் உண்மையான பயம் இதுதான். கணக்கு தெரியும், வாய் திறக்க வராது.

இன்டர்வியூ ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் அங்கே யாரும் இலக்கண மதிப்பெண் போடுவதில்லை. கேட்பவரே ஒரு தெலுங்கராகவோ, ஒடியா பேசுபவராகவோ இருக்கலாம். அவருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். சின்னச் சின்ன வாக்கியம் போதும்.

பயிற்சியை இரண்டு படியாகச் செய்யலாம். முதல் இரண்டு வாரம், கணக்கு போடும்போது தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். யோசனையையும் பேச்சையும் ஒன்றாக ஓட்டுவதுதான் கஷ்டமான வேலை, அதை முதலில் தெரிந்த மொழியில் பழகுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அதையே ஆங்கிலத்தில். 'முதலில் எளிய வழியைச் சொல்கிறேன்', 'ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்', 'இங்கே ஒரு தவறு செய்திருக்கிறேன், திருத்துகிறேன்', 'நான் புரிந்துகொண்டது சரியா?' இந்த நான்குக்கான ஆங்கில வாக்கியங்கள் நாக்கில் இருந்தாலே பாதி தூரம் கடந்த மாதிரி.

போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். முதல் முறை கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். எங்கே நீண்ட மௌனம் விழுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு நண்பரோடு முறை வைத்து, ஒருவர் கேட்பவர், ஒருவர் பதில் சொல்பவர். கேட்பவராக உட்காரும்போதுதான், எதிரில் இருப்பவரின் மௌனம் எவ்வளவு சங்கடம் என்பது உறைக்கும்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' வகைக் கேள்விகள்

அமேசான் தன் 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸை வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்கிறது. 2021-ல்தான் 14-ஆக இருந்தவை 16 ஆயின. குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்? கெடு தவறியது உண்டா? தெரியாத ஒன்றை அவசரமாகக் கற்றுக்கொண்டது எப்போது?

பதிலை நான்கு பகுதியாக அடுக்குங்கள். சூழ்நிலை என்ன, உங்கள் பொறுப்பு எது, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது. பலரும் சூழ்நிலையை மூன்று நிமிடம் சொல்லி, தான் செய்ததை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டும். 'நாங்க செஞ்சோம்' என்று நம் ஊர் அடக்கத்தோடு சொன்னால், நீங்கள் செய்தது எது என்று அவருக்குத் தெரியாது. இந்த இடத்தில் 'நான்' என்று சொல்வது தலைக்கனம் ஆகாது.

பெரிய சாதனைக் கதைகள் தேவையில்லை. கல்லூரி சிம்போசியம் பதிவுக்கு ஷீட் தயாரித்தது, அப்பாவின் மளிகைக்கடைக் கணக்கை எக்ஸெலுக்கு மாற்றியது, எல்லாமே பேசத்தக்க கதைதான். நான்கு உண்மையான சம்பவங்களை எழுதி வைத்துக்கொண்டால், பெரும்பாலான கேள்விகளுக்கு அவற்றையே திருப்பிச் சொல்லலாம்.

ஏஐ உதவியை எடுத்துக்கொள்ளலாமா?

படிக்கும்போது, தாராளமாக. 'விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு' என்று கேட்டுப் பயன்படுத்தினால் நல்ல வாத்தியார்.

இன்டர்வியூவில் ரகசியமாகப் பயன்படுத்துவது வேறு விஷயம். வீடியோ இன்டர்வியூவில் இது அதிகரித்ததால் நிறுவனங்கள் உஷாராகிவிட்டன. குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் நடத்தப்போவதாக கூகுள் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை 2025 ஜூனில் ஒரு பாட்காஸ்டில் சொன்னார். திரையில் வந்த விடையை வாசிப்பவரை, "இந்த வரி ஏன்?" என்ற ஒற்றைக் கேள்வி காட்டிக்கொடுத்துவிடும். பிடிபட்டால் அந்த நிறுவனத்தில் மறுபடி வாய்ப்பு கிடைப்பது கடினம். ஏஐ கருவியை அனுமதிக்கும் சுற்றுகளும் இப்போது சில இடங்களில் வருகின்றன. அழைப்பு மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். புரியவில்லை என்றால் ரெக்ரூட்டரிடம் கேட்கலாம்.

நேரில் பெங்களூருவுக்கு வரச் சொன்னால்?

முந்தைய நாளே வந்துவிடுங்கள். ராத்திரி பஸ் ஏறி, காலையில் மடிவாளாவில் இறங்கி, அப்படியே இன்டர்வியூவுக்குப் போவது வேண்டாத விஷப்பரீட்சை. சென்னை, கோவையிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு கே.ஆர்.புரத்தில் நிற்கும் வண்டி வசதி, பக்கத்திலேயே பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது. ஒயிட்ஃபீல்டு பக்கம் போவதற்கு அது கைகொடுக்கும். எலெக்ட்ரானிக் சிட்டி என்றால், 2025 ஆகஸ்டில் தொடங்கிய யெல்லோ லைன் ஆர்.வி.ரோட்டிலிருந்து சில்க் போர்டு வழியாகப் போகிறது. அவுட்டர் ரிங் ரோட்டில் அலுவலகம் என்றால், மேப் காட்டும் நேரத்தோடு இன்னொரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பயணச் செலவைத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

கன்னடம் தெரிய வேண்டுமா? இந்த வேலைகளுக்கான இன்டர்வியூவில் கேட்பதில்லை. தனியார் துறையில் உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவை கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் ஏற்றபோது பலருக்கும் பதற்றம் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதை அரசு நிறுத்தி வைத்தது. ஆனால் அங்கே தங்கி வேலை செய்யப்போகிறீர்கள் என்றால், நாலு வார்த்தை கன்னடம் பேசக் கற்றுக்கொள்வது ஆட்டோவிலும் பிஜியிலும் உங்களுக்குத்தான் நல்லது.

மோசடியை எப்படி அடையாளம் காண்பது?

இன்டர்ன்ஷிப் ஆசையை வைத்தே ஒரு தனி வியாபாரம் நடக்கிறது. சில விதிகள் போதும்.

• பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகுங்கள். உண்மையான பெரிய நிறுவனம் உங்களுக்கு ஸ்டைபெண்ட் தரும், உங்களிடம் வாங்காது.

• மெயில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரோடு ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும், அல்லது சாதாரண ஜிமெயிலாக இருக்கும்.

• இன்டர்வியூவே இல்லாமல் டெலிகிராமில் ஆஃபர் லெட்டர் வந்தால் அது ஆஃபர் இல்லை.

• ஆதார் ஓடிபி, வங்கி விவரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

• காசு கொடுத்து வாங்கும் 'விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்' சான்றிதழுக்குப் பெரிய நிறுவனங்களின் தேர்வில் மதிப்பு இல்லை.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

கிடைக்கவில்லை என்றால்?

நிராகரிப்பு மெயிலில் காரணம் இருக்காது, பெரும்பாலும் இரண்டு வரிதான். அதனால் இன்டர்வியூ முடிந்த அன்றே, சூடு ஆறும் முன், மூன்று விஷயத்தை எழுதி வையுங்கள். என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் நின்றேன், எந்தக் குறிப்பைத் தவறவிட்டேன். அடுத்த இன்டர்வியூவுக்கான பாடத்திட்டம் அதுதான். அதே நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை.

இன்டர்ன்ஷிப் இல்லாத கோடையும் வீண் இல்லை. சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தால் ஒரே மாதத்தில் உங்கள் கோடை உண்மையான வாடிக்கையாளர் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் வீட்டிலிருந்தே ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளுக்குப் பங்களிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. இன்டர்ன்ஷிப் செய்யாமல் இறுதியாண்டிலும், ஓரிரு ஆண்டு வேறு இடத்தில் வேலை பார்த்த பிறகும் இந்த நிறுவனங்களுக்குள் நுழைந்தவர்கள் ஏராளம்.

இன்றைக்குத் தொடங்க என்ன செய்யலாம்? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஈஸி கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, எதிரில் ஒருவர் இருப்பதாக நினைத்து, முதல் கேள்வியிலிருந்து கடைசிச் சோதனை வரை பேசிக்கொண்டே 25 நிமிடத்தில் முடியுங்கள். பிறகு போட்டுக் கேளுங்கள். நீங்கள் இன்னும் எவ்வளவு தயாராக வேண்டும் என்பதை 400 என்ற எண்ணைவிட அந்த 25 நிமிடப் பதிவு சரியாகச் சொல்லிவிடும்.